உங்களுக்குத் தெரியுமா? ஆர்மேனியர் எழுதிவைத்த உயில்கள்

★ சென்னை பாரிமுனைக்குப் பக்கத்தில் ஆர்மேனியன் தெரு. அரண்மனைக்காரன் தெரு என்று சொன்னால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே அந்தோணியாரைக் கும்பிட வரும் கூட்டத்தில் நடக்க வழி இருக்காது. அதே தெருவில் இன்னொரு மாதா கோயிலும் இருக்கிறது. 1772-இல் கட்டியது. தெருவைப் பார்த்த பெரிய மரக்கதவைத் தாண்டிப் போனால் முற்றம், மரங்கள், தரையோடு தரையாகப் பதித்த கல்லறைப் பலகைகள். சந்தடியே கிடையாது. கும்பிட வருவதற்குச் சென்னையில் ஆர்மேனியச் சமூகம் என்று ஒன்று மிச்சமில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் மணி அடிப்பது அங்கே வழக்கம். காவல், பராமரிப்பு, வெள்ளையடிப்பு எல்லாவற்றையும் கொல்கத்தா ஆர்மேனியத் திருச்சபைக் குழு பார்த்துக்கொள்கிறது. நாடு கையில் இல்லாத வணிகர்கள் பணத்தை உயிலாகவும் அறக்கட்டளையாகவும் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். இந்தியாவில் ஆர்மேனியர் கதையின் பாதி அந்தக் காகிதங்களில்தான் ஓடுகிறது.

★ அந்தக் கோயிலின் மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. அகலமான மரப்படி ஏறிப் போனால் ஆறு மணிகள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 150 கிலோ. எல்லாம் ஒரே காலத்தில் வார்த்தவை இல்லை. இரண்டு மணிகளில் லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸின் பெயரும் 1837 என்ற ஆண்டும் இருக்கின்றன. ஒரு மணியில் தமிழ் எழுத்துகள்! பாரிமுனை இரைச்சலில் இப்போது மணியோசை அடுத்த தெருவுக்குப் போனாலே பெரிது.

★ இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஆர்மேனியாவிலிருந்து நேரே வந்தவர்கள் குறைவு. 1604-05-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆட்டோமான் படைக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று, அராஸ் ஆற்றங்கரை ஜுல்ஃபா நகரத்தையே காலிசெய்ய வைத்தார். மக்களை இஸ்பஹானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார். அதுதான் புது ஜுல்ஃபா. வழியில் செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் கையில் மன்னரே பட்டு வியாபாரத்தைக் கொடுத்தார். சென்னை, கொல்கத்தா, சூரத், மணிலா, ஆம்ஸ்டர்டாம் என்று கடைவிரித்த ஆர்மேனியர் பெரும்பாலும் இந்த ஒரே ஊரின் வாரிசுகள். நம் செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம், செட்டியாருக்குத் திரும்பிவந்து வீடு கட்ட ஊர் இருந்தது.

★ கணக்குப் புத்தகத்துக்கென்றே தனி நாட்காட்டி வைத்திருந்தவர்கள் புது ஜுல்ஃபா வணிகர்கள். 1616-ஐ முதல் ஆண்டாக வைத்து, மார்ச் மாதத்தில் வருடத்தைத் தொடங்கும் கணக்கு. சென்னையிலிருந்து அனுப்பிய சரக்குச் சீட்டிலும் அந்தத் தேதிதான். ஆய்வாளர்களுக்கு இன்றும் தலைவலி.

★ 1688 ஜூன் 22. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. எதிர்த்தரப்பில் கோஜா பானூஸ் கலந்தர் என்ற ஆர்மேனிய வணிகர். கம்பெனி ஊர்களில் ஆங்கிலேயருக்கு உள்ள உரிமை எல்லாம் ஆர்மேனியருக்கும் உண்டு. எந்த ஊரிலாவது 40 ஆர்மேனியர் சேர்ந்துவிட்டால் கம்பெனியே மரத்தில் ஒரு கோயில் கட்டிக்கொடுக்கும். பாதிரியாருக்கு ஏழு வருடம் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் தரும். கம்பெனிக்காரன் சும்மா கொடுப்பானா? தரைவழியாகப் போய்க்கொண்டிருந்த பட்டும் துணியும் இனித் தன் கப்பலில் ஏறவேண்டும் என்பது அவன் கணக்கு. சென்னையில் முதல் ஆர்மேனியக் கோயில் 1712-இல் எழுந்தது.

★ மணிலா அன்று ஸ்பெயின்காரர் கையில். அங்கே புராட்டஸ்டன்ட் ஆங்கிலேயருக்கு நுழைவு கிடையாது. ஆனால் சென்னைத் துணிக்கு மணிலாவில் வெள்ளிக்காசாகக் கொட்டினார்கள். விடுவார்களா? ஆங்கிலேயரின் சரக்கு, ஆங்கிலேயரின் முதல், சில வேளை கப்பலும் ஆங்கிலேயருடையது. காகிதத்தில் மட்டும் உரிமையாளர் பெயர் ஆர்மேனியப் பெயர். பினாமி என்பது புதுச் சரக்கில்லை.

★ சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிற மறைமலையடிகள் பாலத்தில் தினம் லட்சக்கணக்கானோர் போகிறோம். அந்த இடத்தில் முதல் பாலத்தைக் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். 1726-இல், சொந்தப் பணத்தில். செலவு 30,000 வராகன். கட்டியதோடு நிற்கவில்லை, பின்னால் பழுதுபார்க்க 1,500 வராகன் தனியாக ஒதுக்கிவைத்தார். ரிப்பன் வெட்டியதும் பராமரிப்பை மறந்துவிடுகிற நமக்கு இந்த இரண்டாவது தொகைதான் அதிசயம்.

பரங்கிமலைக்கு ஏறும் கற்படிகளும் அவர் உபயம்தான். தோமையார் பெயரால் அந்த மலை ஆர்மேனியருக்கும் புனிதத்தலம். மலைக்குப் போக ஆறு தடை, எனவே பாலம்; மேலே ஏறச் சிரமம், எனவே படி. இரண்டும் ஒரே யாத்திரைக்காரனின் வேலை.

புது ஜுல்ஃபாவில் பிறந்து, மணிலாவில் சம்பாதித்து, 1720-களில் சென்னைக்கு வந்தவர் உஸ்கான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, பாண்டிச்சேரிக்கு வந்துவிடு, சொத்து தப்பும் என்று ஆசைகாட்டினார்கள். மனிதர் மசியவில்லை. பாண்டிச்சேரி ஆளுநர் டூப்ளேயின் ஆட்கள் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். 1751 ஜனவரியில் இறந்தார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள்; இதயத்தை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்துப் புது ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் செய்யவேண்டும் என்று அவரே சொல்லிவைத்திருந்தார்.

அவர் கட்டிய பாலம் 1960-களில் போய், இப்போதுள்ள பாலம் வந்தது. பழைய பாலத்தின் நினைவுக்கல் தப்பியது. பாரசீகம், லத்தீன், ஆர்மேனியம் என்று மூன்று மொழிகளில் எழுத்து. சாலை உயர உயர அது மண்ணில் புதைந்துகொண்டே போனதைக் கவலையோடு எழுதிக்கொண்டிருந்த சென்னை வரலாற்று ஆர்வலர்களுக்கு ஒரு கும்பிடு.

★ ஜார்ஜ் கோட்டைக்குள் கிளைவ் மாளிகை என்று காட்டுவார்கள். ராபர்ட் கிளைவ் அங்கே குடியிருந்தது உண்மை. ஆனால் கிளைவுக்கு முன்னால் அது ஆர்மேனிய வணிகர் வீடு. பெயர் நிலைத்தது குடிவந்தவருக்கு.

★ ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதவேண்டுமானால் முதலில் நாடு வேண்டும் அல்லவா? ஷஹாமிர் ஷஹாமிரியனுக்கு அந்தக் கவலை இல்லை. 18-ஆம் நூற்றாண்டுச் சென்னையின் பணக்கார ஆர்மேனியர்களில் ஒருவர். ஆர்மேனியன் தெருக் கோயிலுக்கு நிலம் கொடுத்தவர். 1770-களின் தொடக்கத்தில் இங்கே ஓர் அச்சகம் வைத்தார். இந்தியாவின் முதல் ஆர்மேனிய அச்சகம் அதுதான்.

அங்கே அச்சான நூல்களில் ஒன்று ‘வொரோகாய்த் பாராத்ஸ்’. தலைப்புப் பக்கத்தில் 1773 என்று இருக்கிறது. அச்சாகி முடிந்தது பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் உள்ளே இருப்பது வெடிகுண்டு. வருங்கால ஆர்மேனியக் குடியரசுக்கு 521 சட்டப்பிரிவுகள்! மன்னன் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை. சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை. ஆண்பிள்ளை பெண்பிள்ளை இருவருக்கும் பள்ளிக்கூடம். இத்தனையும் ஆர்மேனியா பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் நடுவே பங்கு போடப்பட்டுக் கிடந்த காலத்தில், பட்டும் ரத்தினமும் விற்கும் ஒருவரின் சென்னை அச்சகத்தில்.

என்னைக் கேட்டால், சென்னையின் வரலாற்று நடைகளில் இந்த அச்சகத்துக்குத் தனி நிறுத்தம் வேண்டும். கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

★ அதே அச்சகத்தில் 1772-இல் வந்த இன்னொரு நூல், மொவ்செஸ் பக்ராமியன் எழுதியது. ஆர்மேனிய இளைஞர்களே, சோம்பலை உதறி எழுந்திருங்கள் என்ற ரீதியில் ஓர் அறைகூவல். எச்மியாட்ஸின் தலைமைப் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் திருச்சபைத் தலைவர் சிமியோனுக்குக் கோபம் தலைக்கேறியது. பிரதிகளை எரிக்கச் சொல்லி உத்தரவு; பக்ராமியன் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். பாரசீகக் கானும் துருக்கிப் பாஷாவும் வீட்டு வாசலில் நிற்க, ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் பத்திரமான ஊரில் உட்கார்ந்து புரட்சி பேசுகிறவன்மேல் அவருக்கு வந்த எரிச்சலிலும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

★ அந்தச் சிமியோனே 1771-இல் எச்மியாட்ஸினில் ஓர் அச்சகம் தொடங்கினார். ஆர்மேனிய மண்ணில் முதல் அச்சகம். பணம் யார் கொடுத்தது? சென்னையில் இருந்த கிரிகோர் என்ற ஜுல்ஃபா வணிகர். எரித்த நூலுக்கும் சென்னைப் பணம், எரிக்கச் சொன்னவரின் அச்சகத்துக்கும் சென்னைப் பணம்.

★ ஷஹாமிரியனின் மகன் ஹாகோப் 1774-இல் மலாக்காவில் இறந்தார். மலாக்காவில் டச்சுக்காரர் கட்டிய கிறிஸ்து ஆலயத்தின் தரையில் இன்றும் அவருடைய கல்லறைப் பலகை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் சிவப்புச் சுவருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே தரையைக் குனிந்து பார்ப்பவர் சிலர்தான்.

★ உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் எங்கே வந்தது? யெரெவானில் இல்லை, இஸ்தான்புல்லில் இல்லை, வெனிஸில் இல்லை. சென்னையில்! 1794 அக்டோபரில். பெயர் ‘அஸ்தரார்’. ஆசிரியர், அச்சடிப்பவர், எழுத்து வெட்டியவர் எல்லாம் ஒரே ஆள். ஆர்மேனியன் தெருக் கோயில் பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோன்யன்.

ஷிராஸ் நகரத்துக்காரர். இரண்டு மகன்களை ஒரே வாரத்தில் பறிகொடுத்துவிட்டு, ஊரை விட்டு ஒதுங்கித் துறவிகளோடு சில காலம் பாரசீகம் படித்துக்கொண்டு கிடந்தவர். பிறகு சென்னைக்கு வந்து பாதிரியாரானார். 1789-இல் அச்சகம் வைத்தார். அஸ்தராரில் ஐரோப்பியச் செய்தி, கப்பல் வரவு, சரக்கு விலை, திருச்சபை விஷயம், சாவுச் செய்தி என்று எல்லாம் இருக்கும். வாசகர்கள் வணிகர்கள்; அவர்களுக்கு வேதத்தைவிடக் கப்பல் எப்போது வரும் என்பது முக்கியம் என்று பாதிரியாருக்குத் தெரிந்திருந்தது.

சந்தா கட்டியவர்கள் மிகக் குறைவு. 18 இதழ்களோடு 1796-இல் நின்றது. சிறுபத்திரிகை நடத்திய தமிழர்களுக்கு இந்த வாழ்நாள் கணக்கு நன்றாகவே பரிச்சயம். ஷ்மவோன்யன் அதன் பிறகும் கோயில் வேலையைப் பார்த்துக்கொண்டு 1824 வரை இருந்தார். அந்த முற்றத்தில்தான் அடக்கம்.

ஒரு துணுக்கு கூடுதலாக: தமிழின் முதல் இதழ் என்று பொதுவாகச் சொல்லப்படும் ‘தமிழ் மேகசின்’ சென்னையில் வந்தது 1831-இல். அதாவது இந்த ஊரில் தமிழ் இதழுக்கு 37 வருடம் முன்பே ஆர்மேனிய இதழ் வந்துவிட்டது.

★ சென்னை ஆர்மேனியர் இருவர், எட்வர்ட் ராஃபேலும் சாமுவேல் மூராட்டும், இத்தாலியில் உள்ள ஆர்மேனியத் துறவிகளிடம் பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லிப் பெருந்தொகை எழுதிவைத்தார்கள். ராஃபேல் 1791-இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். மூராட் 1816-இல் சென்னையில். உயில்படி பணம் போய்ச்சேரப் பல வருடம் ஆயிற்று. 1834-இல் பதுவாவிலும் 1836-இல் வெனிஸிலும் பள்ளிகள் திறந்தன. பின்னால் இரண்டும் ஒன்றாகி, வெனிஸில் ஒரு பழைய அரண்மனைக்குள் மூராட்-ராஃபேல் கல்லூரி என்று 20-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நடந்தது. ஆட்டோமான் நாட்டு ஆர்மேனியப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்தார்கள். 1915-இல் இனப்படுகொலையில் கொல்லப்பட்ட பெருங்கவிஞர் தானியேல் வரூஜான் அவர்களில் ஒருவர். அவர் படித்தது சென்னையில் சம்பாதித்த காசில்.

★ அந்த ராஃபேலின் மகன் அலெக்ஸாண்டர் 1775-இல் சென்னையில் பிறந்தவர். 1847-இல் செயின்ட் ஆல்பன்ஸ் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். தேம்ஸ் கரையில் சொந்தச் செலவில் ஒரு கோயிலும் கட்டினார். குடும்ப வழக்கம், விடுமா?

★ சென்னையிலிருந்து ஏன் போனார்கள்? யாரும் துரத்தவில்லை. கம்பெனி வலுத்ததும் நடுவாள் தேவைப்படவில்லை. கொல்கத்தா தலைநகரானதும் பணம் அங்கே போனது; பின்னாலேயே ஆர்மேனியரும் போனார்கள். அடுத்த தலைமுறை ஜாவா, சிங்கப்பூர், ரங்கூன். சென்னையில் கல்லறைகள் தங்கின. கோயில் முற்றத்தில் சுமார் 350 பேர்.

★ கொல்கத்தா என்ற நகரம் உருவானதிலும் ஓர் ஆர்மேனியருக்குக் கை உண்டு. 1698-இல் சுத்தானுட்டி, கலிகாத்தா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ள முகலாய இளவரசரிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தவர் கோஜா இஸ்ரேல் சர்ஹத். லண்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரே பானூஸ் கலந்தர், அவருடைய உறவினர். பாரசீகம் பேசத் தெரிந்த, தர்பார் நடைமுறை தெரிந்த ஆள் இல்லாமல் ஆங்கிலேயர் அன்று வாசற்படிகூட ஏறியிருக்க முடியாது.

★ கொல்கத்தா பராபஜாரில், மசாலா மூட்டைக்கும் பிளாஸ்டிக் கடைக்கும் நடுவே ஒளிந்து நிற்கிறது நாசரேத் ஆர்மேனியக் கோயில். 1724-இல் கட்டியது. அந்த நகரத்தின் மிகப் பழைய கிறிஸ்தவக் கோயில். முற்றத்தில் ரெசாபீபே என்ற பெண்ணின் கல்லறை. அதில் உள்ள தேதி 1630 ஜூலை 11. கொல்கத்தாவைத் தோற்றுவித்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்த ஜாப் சார்னாக் வந்து இறங்கியது 1690-இல்! தேதியைச் சரியாகப் படித்தார்களா என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. கொல்கத்தா ஆர்மேனியரிடம் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினால் வேறு பேச்சுக்கு நேரமிருக்காது.

★ ஹூக்ளிக் கரையில் ஆர்மேனியன் காட். 1734-இல் ஓர் ஆர்மேனிய வணிகர் கட்டிக்கொடுத்த படித்துறை. 1873-இல் கொல்கத்தாவில் முதன்முதலாகக் குதிரை டிராம் ஓடியது சியால்டாவிலிருந்து இந்தப் படித்துறைப் பக்கம்தான்.

★ ஜோசப் எமின் கதையை யாரும் படமாக எடுக்கவில்லை என்பது ஆச்சரியம். 1726-இல் ஹமதானில் பிறந்து, கொல்கத்தாவுக்கு வந்து, 1751-இல் அப்பாவின் பேச்சை மீறி லண்டனுக்குக் கப்பலேறினார். எதற்கு? ராணுவக் கலை படித்து ஆர்மேனியாவை விடுவிக்க! லண்டனில் மூட்டை தூக்கினார். தற்செயலாக எட்மண்ட் பர்க் என்ற இளைஞருடன் நட்பு. அவர் பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டில் ஏற்றிய அதே பர்க். எமின் காகஸஸ் வரை போய், ஜார்ஜிய மன்னர் எரெக்லேயிடம் படை கேட்டு, கிடைக்காமல் அலைந்து, கடைசியில் கொல்கத்தா திரும்பினார். ஆங்கிலத்தில் சுயசரிதை எழுதி 1792-இல் லண்டனில் அச்சிட்டார். 1809-இல் இறந்தார். நாசரேத் கோயிலில்தான் அடக்கம்.

★ 1902-இல் இந்தியாவில் கிராமபோன் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியபோது பாடிய கௌஹர் ஜான் பிறப்பில் ஏஞ்சலினா யோவர்ட். தந்தை ஆர்மேனியர். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். ஜெர்மனியில் தட்டு அச்சடிப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரியவேண்டாமா, அதற்காக.

★ கொல்கத்தா ஆர்மேனியக் கல்லூரி 1821 ஏப்ரல் 2-இல் தொடங்கியது. பெயரில்தான் கல்லூரி, நடப்பது பள்ளிக்கூடம். இன்றைக்கு இருப்பது மிர்ஸா காலிப் தெருவில். அதே இடத்தில்தான் 1811-இல் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே பிறந்தார்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளூரில் ஆர்மேனியப் பிள்ளைகள் கிடையாது, ஆனால் பள்ளி நடத்தப் பணம் இருக்கிறது. எனவே பிள்ளைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். முன்பு ஈரானிலிருந்து, இப்போது ஆர்மேனியாவிலிருந்தும். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். பாடம் ஐ.சி.எஸ்.இ. முறையில், கூடவே ஆர்மேனிய மொழியும் வரலாறும். 1990-களில் மாணவர் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. எச்மியாட்ஸின் தலைமைப் பீடம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு தூக்கி நிறுத்தியது. இன்றைய கொல்கத்தா ஆர்மேனியரில் பலர், படிக்க வந்த இடத்தில் தங்கிவிட்டவர்களும் அவர்கள் குடும்பங்களும்தான். மொத்தம் 200 பேர்கூடத் தேறாது.

★ கேட்சிக் பால் சேட்டர். 1846-இல் கொல்கத்தாவில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, லா மார்ட்டினியர் பள்ளியில் உதவித்தொகையில் படித்தவர். 18 வயதில் ஹாங்காங் போய் வங்கியில் குமாஸ்தாவானார். கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலையில் இறங்கினார். ஹாங்காங்கின் நடுநகரமே அப்படி உருவானதுதான். சேட்டர் சாலை இன்றும் அங்கே உண்டு. பணமுடையில் இருந்த பழைய பள்ளிக்குப் பெருந்தொகை கொடுத்துக் காப்பாற்றினார். 1926-இல் இறந்தபோது, மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சச் சொத்து கொல்கத்தா ஆர்மேனியத் திருச்சபைக்கு. அவர் பெயரில் முதியோர் இல்லம் அங்கே நடக்கிறது. சென்னைக் கோயிலின் பூட்டுச்சாவி கொல்கத்தாவில் இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

★ கொல்கத்தா சௌரங்கியின் கிராண்ட் ஹோட்டல், பார்க் தெருவின் ஸ்டீஃபன் கோர்ட் இரண்டும் ஆரத்தூன் ஸ்டீஃபன் என்ற ஆர்மேனியர் எழுப்பியவை. ஹோட்டல் பின்னால் ஓபராய் கைக்குப் போனது. பந்தயக் குதிரைப் பிரியர் ஜே.சி. கால்ஸ்டான் கட்டிய மாளிகையை ஹைதராபாத் நிஜாம் வாங்கினார். இன்றைக்கு அதன் பெயர் நிஜாம் பேலஸ், உள்ளே மத்திய அரசு அலுவலகங்கள். டிவியில் ‘நிஜாம் பேலஸில் விசாரணை’ என்று வந்தால் அந்த இடம்தான்.

★ சிங்கப்பூரின் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம். அந்த ஜோக்கிம், ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மேனியப் பெண். 1893-இல் அவர் தோட்டம் தந்த ஆர்க்கிட். ராஃபிள்ஸ் ஹோட்டலை 1887-இல் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்களும் ஆர்மேனியர். 1845-இல் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ பிறந்ததற்கு மூலகாரணமான கேட்சிக் மோசஸும் அப்படியே. சிங்கப்பூரில் உள்ள மிகப் பழைய கிறிஸ்தவக் கோயில், 1835-இல் எழுந்த ஆர்மேனியக் கோயில். ஒரு கைப்பிடி ஜனத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

★ டாக்காவில் ஆர்மானிடோலா என்றொரு பேட்டை. 1781-இல் கட்டிய கோயில் உண்டு. சணல் வியாபாரத்தில் கொழித்த காலத்தின் மிச்சம். அங்கே கோயிலைக் காத்துக்கொண்டிருந்த கடைசி ஆர்மேனியரும் முதுமையில் வெளிநாடு போய் 2020-இல் காலமானார்.

★ டிசம்பர் 25-இல் பார்க் தெரு முழுக்க விளக்கு. கொல்கத்தா ஆர்மேனியருக்கு அன்று பண்டிகை இல்லை. அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 6. கிறிஸ்து பிறந்ததையும் ஞானஸ்நானம் பெற்றதையும் ஒரே நாளில் கொண்டாடுவது பழைய கிறிஸ்தவ முறை. மற்ற சபைகள் மாற்றிக்கொண்டன, இவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. அதே மாதத்தில் சின்சுராவுக்கு ஒரு யாத்திரை. 1695-இல் தொடங்கிய அந்தக் கோயில் வருடம் முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும். அருளப்பர் திருநாளுக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பூசை வைத்து, சேர்ந்து சாப்பிட்டுத் திரும்புவார்கள். நம் ஊர்க் குலதெய்வக் கோயில்களின் நிலைமையும் பெரும்பாலும் இதுவே.

★ வங்காளிகள் பட்டோலைக் குடைந்து மசாலா அடைத்துச் செய்யும் தொர்மா, ஆர்மேனியரின் தோல்மாவிலிருந்து வந்தது என்பார்கள். திராட்சை இலைக்குப் பதில் கைக்குக் கிடைத்த காய்!

★ கொல்கத்தாவில் ரக்பி என்றால் ஆர்மேனியக் கல்லூரிப் பையன்கள். மைதான் புல்வெளியில் அவர்கள் சங்கத்துக்குத் தனிக் கூடாரம் உண்டு. இந்திய ரக்பி அணியிலேயே கொல்கத்தா ஆர்மேனியர் பலர் ஆடியிருக்கிறார்கள்.

★ யெரெவான் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இன்று வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் நிறையப் பேர், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட. கட்டட வேலைக்கும் பார்சல் சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்கும் போன இந்தியர்களும் அங்கே ஆயிரக்கணக்கில். சென்னையில் ஆர்மேனியர் எக்காலத்திலும் இருந்திராத எண்ணிக்கையில் யெரெவானில் இப்போது இந்தியர்கள் இருக்கிறார்கள்.